பூஜ்யத்தில் பத்து சதவீதம்

நுண்கணிதத்தின் விலை இரண்டாயிரத்து நானூறு. கோள்கள் ஓடுகிற வழியைச் சொல்லும் அந்தக் கணக்கு யாருடைய பாட்டன் சொத்தும் இல்லை. ஆனாலும் கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த புத்தகக் கடையில் அப்படித்தான் விலை ஒட்டியிருந்தது. ஒரு பைசா குறைக்காதவர் என்பதால் கடைக்காரருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'தள்ளுபடி'.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்தப் புத்தகத்துக்குப் புதுப் பதிப்பு வரும். அட்டை நிறம் மாறும், பயிற்சிக் கணக்குகள் இடம் மாறி உட்காரும், விலை மட்டும் மேலே போகும். கணிதத் துறைத் தலைவர் புதுப் பதிப்பைத்தான் வாங்க வேண்டும் என்று அறிவிப்பார். விற்ற பிரதி ஒவ்வொன்றுக்கும் பத்து சதவீதம் தள்ளுபடி கையிலிருந்து அவர் கைக்குப் போகும்.

அன்று காலை ஒரு நர்ஸ் கடைக்கு வந்தாள். இரவுப் பணி முடித்து, சீருடையோடு வகுப்புக்குப் போகிறவள். கல்லாவுக்கு முன்னால் ஒரு விடைத்தாளை வைத்தாள். அதில் சிவப்பு மையில் ஒரு பூஜ்யம்.

"அண்ணே, பழைய பதிப்பைத் தொள்ளாயிரத்துக்குக் குடுத்தப்ப என்ன சொன்னீங்க?"

"உள்ள எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னேன். பொய்யா?"

"பொய்யில்ல. அதுதான் கொடுமை. சார் பன்னிரண்டாம் கணக்கு போடச் சொன்னாரு, போட்டேன். புதுசுல அது பத்தொன்பதாம் கணக்காம். குடுத்த பத்துக் கணக்கும் இப்படித்தான். விடையெல்லாம் சரி, கேள்விதான் தப்பு!"

தள்ளுபடிக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டார்.

"புதுசு ஒண்ணு எடுத்துக்கோ தங்கச்சி. கொஞ்சம் கொஞ்சமா குடு."

"கொஞ்சம் கொஞ்சமாகூட இல்லண்ணே. இந்தப் பாடத்துல தேறலேன்னா ஆஸ்பத்திரியில படிக்கக் குடுத்த அனுமதியை எடுத்துருவாங்க. அதான், நானே நின்னுக்கலாம்னு பாக்குறேன். இதை எடைக்காவது எடுத்துக்குவீங்களா?"

எடைக்கு என்றதும் அவருக்குச் சுருக்கென்றது. நல்ல சரக்கைச் செத்த சரக்காக்கிக் காசு பார்த்தது யார் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

மேசையடியில் ஒரு தாள்கட்டு கிடந்தது. அதே பாடத்தை வேறொரு பிரிவுக்கு நடத்தும் இளம் ஆசிரியை எழுதிய புத்தகம். இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தார். யாரும் படிக்கலாம், அச்சடிக்கலாம், திருத்தலாம் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. அச்சடித்து வைக்கச் சொல்லி அவர் கேட்டபோது, "சும்மா கிடைக்கிறதை எவன் டீச்சர் வாங்குவான்?" என்று தள்ளுபடி அனுப்பிவிட்டார்.

இப்போது தூசி தட்டி நர்ஸிடம் கொடுத்தார். அவள் நின்றபடியே நாலு பக்கம் படித்தாள். "இது புரியுதுண்ணே" என்றாள், ஏதோ குற்றம் கண்டுபிடித்ததுபோல.

அந்த வாரமே அவள் அந்த ஆசிரியையின் பிரிவுக்கு மாறினாள். தள்ளுபடி அச்சகத்தோடு ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டி, பிரதிக்கு நூற்றெண்பது என்று முடித்தார். தன் பங்கு இருபது. கைபேசியில் படிக்கிறவன் படிக்கட்டும். தாளில் வேண்டுமென்றால் இருநூறு. அந்த மாதம் இருபதாம் தேதிக்குள் முதல் கட்டு தீர்ந்தது. இரண்டாயிரத்து நானூறு ரூபாய்ப் புத்தகம் அலமாரியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது.

பருவ முடிவில் துறைத் தலைவர் வழக்கம்போலத் தன் பங்குக் கவரை வாங்க வந்தார்.

"என்னய்யா, இந்தத் தடவை கவர் இளைச்சுப் போயிருக்கு?"

"பசங்க எல்லாம் இலவசப் புத்தகம் படிக்கிறாங்க சார்."

"அதை விக்க யார் உனக்கு அனுமதி குடுத்தது?"

"எழுதினவங்களே. விலை பூஜ்யம். அதுல பத்து சதவீதம் எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க, உடனே எடுத்து வைக்கிறேன்."

கடையிலிருந்த மாணவர்கள் புத்தகங்களுக்குள் முகம் புதைத்தார்கள். தள்ளுபடி மட்டும் சிரிக்கவில்லை.

"தாளுக்கும் மைக்கும் காசு வாங்கலாம் சார். கணக்குக்கு வாங்கக் கூடாது. அதை நீங்களும் கண்டுபிடிக்கல, நானும் கண்டுபிடிக்கல. படிக்க வந்தவன் வழியில சுங்கம் போட்டு உக்காந்திருந்தோம், அவ்வளவுதான்."

தலைவர் கவரைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு படியிறங்கினார்.

தேர்வு முடிவு வந்த அன்று நர்ஸ் வந்தாள்; தேறியிருந்தாள். தள்ளுபடி பழைய பதிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு கணக்குப் பார்த்தார். அவளிடம் வாங்கியது தொள்ளாயிரம். ஆசிரியையின் புத்தகத்துக்கு இருநூறு கழித்து, எழுநூறை எண்ணி வைத்தார். பணம் நேரானது. அவள் தாளில் விழுந்த அந்தப் பூஜ்யம் மட்டும் இன்னும் அவர் பெயரில் பாக்கி.