பூஜையில் ஓடிய கம்ப்யூட்டர்

ஆயுத பூஜையன்று என்னைக் கம்ப்யூட்டர் ரிப்பேருக்குக் கூப்பிடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு என் ஸ்க்ரூடிரைவரும் லேப்டாப்பும் பொட்டு வைத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். எடுத்தால் அம்மா வாயில் விழுந்து எழ வேண்டும். ஆனால் போனில் பேசியது ஷாரோன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வெங்கடேசன் சார் நடத்தும் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிற பெண். லேசில் பதறுகிற ஆளில்லை.

"அக்கா, கம்ப்யூட்டரு கரகரன்னு கத்திக்கினு கீது. பழைய ரிப்போர்ட்ட தொறந்தா அப்டியே நின்னுடுது. சார் வேற, பூசைக்கு ஆஃப் பண்ணணும்ன்றாரு."

"ஆஃப் கீஃப் பண்ணிடாதடி! நான் வர்ற வரிக்கும் யாரையும் கிட்ட வுடாத" என்று கத்திவிட்டு, அம்மா சமையலறையில் இருந்த நேரம் பார்த்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

லேபில் மைக்ரோஸ்கோப், ரத்தம் பார்க்கிற மிஷின், ஊசி டப்பா எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமந்திச் சரம் சுற்றியிருந்தார்கள். ஷாரோன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள்; ஆனாலும் வருஷா வருஷம் அந்தப் பூவைக் கட்டுவது அவள்தான். கம்ப்யூட்டர் மட்டும் பொட்டில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் ஓர் அம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மங்கம்மாக்கா. இவங்க வூட்டுக்காரரு இருசப்பன் மெட்ராஸ் ஆஸ்பத்திரில கீறாரு. கிட்னி வேலை செய்யல" என்றாள் ஷாரோன்.

மீதியை மங்கம்மாவே சொன்னார். "இது திடீர்னு கெட்டுதா, நாள்பட கெட்டுதான்னு டாக்டரு கேக்கறாரு. திடீர்னு கெட்டுதுன்னா மருந்துலியே திருப்பிடலாமாம். நாள்பட கெட்டிருந்தா வேற கிட்னிதான் வெக்கணுமாம். பழைய ரிப்போர்ட்டெல்லாம் எட்தான்றாரு. வூட்ல இருந்த காயிதமெல்லாம் மயைல ஊறிப் போச்சும்மா. இங்க இருக்கும்னு ஓடியாந்தேன்."

கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே டிஸ்க் உரலில் கல் அகப்பட்ட மாதிரி அரைபட்டுக்கொண்டிருந்தது. இது ஒருமுறை நின்றால் மறுபடி சுற்றாது. ஒவ்வொரு ரிப்போர்ட்டாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாலும் பாதியில் போய்விடும். முதலில் மொத்தத்தையும் நகலெடுத்துவிட வேண்டும்.

இந்த லேபில் தினமும் கடை மூடும்போது பேக்கப் தானாக ஓட வேண்டும்; பூட்டி வைத்த ரிப்போர்ட்டுகளை நகலெடுக்க அந்த பேக்கப் புரோகிராமால்தான் முடியும். ஓடியதா என்று பார்த்தேன். கடைசியாக உருப்படியாக எடுத்த நகல் போன வருஷ ஆயுத பூஜைக்கு முந்தைய நாளுடையது; இந்த ஒரு வருஷ ரிப்போர்ட் எதுவும் அதில் இல்லை. அதற்கப்புறம் தினமும் ஒரே புலம்பல்: லைப்ரரி ஃபைல் ஒன்றைக் காணவில்லை, என்னால் ஓட முடியவில்லை. ஒரு வருஷமாக அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒருத்தரும் திறந்து படிக்கவில்லை.

"சார், போன வருசம் பூசைக்கு இந்தக் கம்ப்யூட்டர்ல இன்னா பண்ணீங்க?"

தட்டில் பொரியைக் கொட்டிக்கொண்டிருந்த வெங்கடேசன் சார் நிமிர்ந்தார். முகத்தில் பெருமை வேறு. "க்ளீன் பண்ணேம்மா. வெளிய தொடச்சா போதுமா? வீடியோ பாத்து உள்ளாறயும் சுத்தம் பண்ணேன். யாருக்கும் தேவைப்படாதத எட்துடட்டுமான்னு அதுவே கேட்டுச்சு. எஸ்னு குட்த்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. லைப்ரரி என்பது பல புரோகிராம்களுக்குப் பொதுவாக வைத்திருக்கிற ஃபைல். எது எதை யார் யார் உபயோகிக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் கணக்கு வைத்திருக்கும். ஆனால் இந்த பேக்கப் புரோகிராமை எனக்கு முன்னால் இந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் எங்கிருந்தோ கொண்டுவந்து கையாலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அது கணக்கில் ஏறவே இல்லை. ஆகவே அதற்கு வேண்டிய ஃபைல் யாருக்கும் வேண்டாத ஃபைல் ஆகிவிட்டது. என்னுடையது என்று ஒருத்தரும் வந்து கேட்காவிட்டால் அது குப்பை என்று நாம்தான் முடிவு கட்டுவோம். கம்ப்யூட்டருக்கும் அதையே சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறோம். யாரைத் திட்டுவது? இருந்தாலும் சாரைத் திட்டினேன்.

அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "நல்ல நேரம் முடியப் போவுதும்மா. ஆஃப் பண்ணு, பொட்டு வெக்கலாம். நாளிக்கிக் காலைல எட்து வேலை பாரு."

"ஆஃப் பண்ணா அவ்ளோதான் சார். திரும்பி வராது."

"ஆயுதம் ஓடிக்கினே இருந்தா அது பூசையா? எங்க நைனா இருந்தப்ப, அறுப்பு நேரத்துல கூட பூசையன்னிக்கி ஒரு அருவாளத் தொட வுட மாட்டாரு. பேஜார் பண்ணாத."

மங்கம்மா எழுந்து வந்தார். குரல் உயரவில்லை. "சார், எங்க ஆளு அங்க மூச்சு வாங்கிக்கினு கீறாரு. அவரு ரத்தம் பூரா இதுக்குள்ளாறதான் கீது. ஓடட்டுமே சார். சாமிக்கா தெரியாது?"

சார் கம்ப்யூட்டருக்கென்று வைத்திருந்த சரத்தை ஓரமாக நகர்த்தினார். அப்புறம், "அத வுட்டுட்டு மத்ததுக்குப் பூசையப் போடறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே தேங்காயை எடுத்தார்.

காணாமல் போன ஃபைல் என் லேப்டாப்பில் இருந்தது. அதைக் கொண்டுபோய் வைத்தேன். ஏற்கவில்லை, என்னுடையது புதுசு, அந்த மிஷின் கிழம். போனில் நெட் போட்டு அதற்கேற்ற பழைய ஃபைலை இறக்கி வைத்தேன். இப்போது இன்னொன்றைக் காணோம் என்றது. அடக் கடவுளே! இப்படி ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தால் டிஸ்க் செத்துவிடும். உனக்கு என்னென்னதான் வேண்டும் என்று மொத்தமாகக் கேட்டேன். இன்னும் இரண்டு. அவற்றையும் இறக்கிப் போட்டேன்.

நகல் என் லேப்டாப்பில் வந்து சேருகிற மாதிரி இணைத்ததும் பேக்கப் ஓட ஆரம்பித்தது. பக்கத்தில் சார் மணியடித்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். பாதி வந்ததும் டிஸ்க் 'கிர்ர்' என்று இழுக்க, பேக்கப் அப்படியே நின்றது. மங்கம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். சார் கற்பூரத் தட்டோடு திரும்பிப் பார்த்தார். செத்தாயா இருக்கிறாயா என்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் மெல்ல நகர்ந்தது, முடித்தது.

எடுத்த நகலை என் லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது. பிறகு நானே கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, "இப்ப வெய்ங்க சார் பொட்ட" என்றேன்.

இருசப்பன் பேரில் இருந்த கிரியாட்டினின் அளவுகளை, கிட்னி கெடக் கெட ரத்தத்தில் ஏறுகிற அந்தக் கணக்கை, வரிசையாக எடுத்து ஷாரோனிடம் காட்டினேன். அவள் முகம் சுருங்கியது. ஒரே நாளில் ஏறியதாக எங்கேயும் இல்லை. ஒவ்வொரு தடவையும் துளித்துளியாக ஏறியிருந்தது. ஒவ்வொரு தடவையும் பேப்பரைக் கையில் கொடுத்திருக்கிறார்கள்; அவரும் மடித்துக்கொண்டு போயிருக்கிறார். முந்தினதையும் பிந்தினதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இதற்காகவா இந்தப் பாடுபட்டோம்?

"இன்னா பொண்ணே, ஒரேடியா ஏறிச்சா?"

"இல்லக்கா" என்றாள் ஷாரோன். கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நாளா கொஞ்சங் கொஞ்சமா ஏறிக்கினே வந்துகீது."

"அப்ப வேறதான் வெக்கணும்."

ஷாரோன் தலையை ஆட்டினாள். அந்த அம்மாள் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, ஜாக்கெட் கையை மேலே ஏற்றிக்கொண்டு, ரத்தம் எடுக்கிற நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கையை நீட்டினார்.

"என் ரத்தத்தப் பாரு. என் கிட்னி அவருக்குச் சேருமான்னு சொல்லு. டாக்டராண்ட கையோட சொல்லிடறேன்."

ஷாரோன் சாரைப் பார்த்தாள். ஊசி டப்பா மேல் பூ, மிஷின் மேல் பூ. கற்பூரம் இன்னும் அணையவில்லை. நாளைக்கு என்று சொல்லப்போகிறார் என்று நானும் சண்டை போட வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

வெங்கடேசன் சார் போய் மிஷின் மேலிருந்த சாமந்திச் சரத்தைக் கழற்றினார். தோள் துண்டால் சந்தனத்தைத் துடைத்தார். ஸ்விட்சைப் போட்டார்.

"ஊசிய எட்தாம்மா" என்றார் ஷாரோனிடம்.