சாம்பல் கிளி வாங்குமுன்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. வளர்ப்புப் பிராணிகளுக்கென்று வரும் ஒரு மாத இதழின் ஆசிரியர் என்னிடம் கேட்டது கட்டுரை. "ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வாங்கறதுக்கு முன்னாடி என்னென்ன யோசிக்கணும்னு எழுதிக் குடுங்க. குறிப்பு குறிப்பா இருக்கட்டும். நீளமாப் படிக்க யாருக்கும் பொறுமை இல்ல" என்றார். அந்தக் கிளிகளில் ஒன்றை எனக்கு நேரிலேயே தெரியும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

முதல் வரி இப்படி இருந்தது: "சாம்பல் கிளிக்குச் சின்னக் குழந்தையின் அறிவு உண்டு, ஆகவே அதை வாங்குவோர்

(அடித்துவிட்டேன். சின்னக் குழந்தையை யாரும் கூண்டில் பூட்டிவிட்டு வேலைக்குப் போவதில்லை. அந்த வாக்கியம் எங்கே போய் முட்டும் என்று தெரிந்துவிட்டது.)

அடுத்தது: "ஒட்டாத பூச்சுள்ள சட்டியை அதிகம் சூடாக்கினால் எழும் புகை பறவையைக் கொன்றுவிடும். எனவே சமையலறையை ஒட்டி

(இது சரியான தகவல். ஆனால் மனிதன் பறவையை என்ன செய்துவிடுவான் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். பறவை மனிதனை என்ன செய்யும் என்ற பக்கம் பேனா திரும்பவே இல்லை. திரும்பாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அதனால் கட்டுரையை மூடி வைத்துவிட்டு அக்காவைப் பற்றி எழுதுகிறேன்.)

2

அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். பல் செட் செய்யும் லேபில் வேலை. டாக்டர் எடுத்தனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, தேய்த்துப் பளபளப்பாக்குவாள். பஸ்ஸில் எதிரே இருப்பவர் சிரித்தால் அவளுக்கு முகம் தெரியாது, பல்தான் தெரியும். "அந்தம்மா மேல்வரிசை நான் செஞ்சது. ஒரு பல்ல லேசாத் திருப்பி வெச்சேன். அப்பதான் சொந்தப் பல்லு மாதிரி இருக்கும்" என்று என் காதில் கிசுகிசுப்பாள். சந்தோஷமாக வேலைக்குப் போன மனிதர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அப்படிப் போனவர்களில் அவள் ஒருத்தி.

அத்தான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்க "கிளட்ச், கிளட்ச்" என்று கத்திவிட்டு வருவதால் வீட்டில் வாயைத் திறக்கமாட்டார். "உங்க அத்தான் பேசணும்னா நான் எங்கயாவது கொண்டுபோய் வண்டிய இடிக்கணும்" என்பாள் அக்கா. ஒரே மகள் கல்யாணமாகி வெகுதூரம் போனபிறகு வீட்டில் மிக்ஸி ஓடினால்தான் சத்தம். அதனால்தான் கிளி.

சாம்பல் உடம்பு, ரத்தச் சிவப்பில் வால், யாரையும் நம்பாத மஞ்சள் கண். கூண்டுக்குள்ளிருந்து எங்களை மேலும் கீழுமாகப் பார்த்த பார்வையிலேயே அக்கா பெயர் வைத்துவிட்டாள்: துரை.

துரைக்கு உலகத்தில் அக்கா ஒருத்திதான் மனுஷி. மற்ற நாங்களெல்லாம் நாற்காலி, மேஜை. அவள் தோளில் உட்கார்ந்து காது மடலை மெல்லக் கவ்விக்கொண்டிருப்பான். அத்தான் விரலை நீட்டினால் ரத்தம் வரக் கடிப்பான். குக்கர் விசில், போன் மணி, கதவுக் கிறீச்சு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டான்.

(கிளி வரும் கதை என்றதும் நீங்கள் முடிவை ஊகித்திருப்பீர்கள். ஒருத்தர் இறந்துபோவார், கிளி அவர் குரலில் ஏதோ உருக்கமாகச் சொல்லும், நாம் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். இல்லை. துரை இன்றுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவன் கற்றுக்கொண்டது வேறு.)

3

அக்காவுக்கு இருமல் வந்தது. முதலில் மாடிப்படி ஏறும்போது. பிறகு துணி உலர்த்தும்போது. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார்.

"பல் லேப்ல."

"அதான். பிளாஸ்டர் தூசி. வேலைய விட்டுடுங்க."

வீட்டில் ஏதாவது வளர்க்கிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. அவரைத் திட்டி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. எடுத்துவிட்டேன். அவரைத் தண்டிப்பதற்காக நான் இதை எழுதவில்லை. தவிர, மூச்சு வாங்குகிற ஒருத்தி பல் லேபில் வேலை என்று சொன்னால் நானும் நீங்களும்கூட அதைத்தான் சொல்லியிருப்போம்.

அக்கா வேலையை விட்டாள். நாள் முழுக்க வீட்டில். துணைக்குத் துரை. கூண்டை மூடுவதையே நிறுத்திவிட்டாள். அவன் சிறகை உதறினால் மாவு சலித்ததுபோல் வெண்தூள் எழும், கருப்பு டி.வி. திரையில் படியும். அதில் விரலால் ஒரு கிளி வரைந்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பவுடர் போடாம துரை வெளிய கிளம்ப மாட்டாரு" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

வேலையை விட்டும் இருமல் குறையவில்லை. கூடியது. "பல வருஷத் தூசி, அவ்வளவு சீக்கிரம் போயிடுமா?" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் அக்கா குளியலறையில் இருந்தபோது ஹாலில் இருமினாள். அத்தான்தான் முதலில் கவனித்தார். வந்து பார்த்தால் ஹாலில் யாருமில்லை, துரை மட்டும். இரண்டு வறட்டு இருமல், பிறகு அடிவயிற்றிலிருந்து இழுத்து விடும் ஒரு நீள மூச்சு. அச்சு அசல் அவள்தான்.

அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாரேன், எனக்காக இவனும் இருமறான்!"

பறவை டாக்டரிடம் நான் இதைப் பிறகு கேட்டேன். "அது கேலி இல்ல சார். இந்த மாதிரிக் கிளிங்க தனக்குப் பிடிச்சவங்க அடிக்கடி போடற சத்தத்தை எடுத்துக்கும். காட்டுல ஒண்ணை ஒண்ணு கூப்பிட்டுக்கற மாதிரி. நீ இருக்கியா, நான் இருக்கேன். அவ்வளவுதான்" என்றார்.

4

இந்தப் பகுதியைப் பல முறை எழுதிவிட்டேன். இதுதான் மிஞ்சியது.

புது டாக்டர், வயது குறைந்த பெண். ஸ்கேன் படத்தைத் திரையில் உருட்டிக்கொண்டே கேட்டார்: "வீட்ல பறவை ஏதாவது இருக்கா?"

அத்தான்தான், "இருக்கு" என்றார்.

"என்ன பறவை?"

"கிளி. சாம்பல் கலர்."

டாக்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "அந்தக் கிளி இறகுலேருந்து ஒரு தூள் உதிரும்மா. ஒருசிலருக்கு அது ஒத்துக்காது. நுரையீரல் அதோட சண்டை போட்டுப் போட்டுத் தானே புண்ணாயிடும். உங்களுக்கு அதான் ஆயிருக்கு."

"அப்ப லேபு?"

"அது காரணமில்ல."

அக்கா கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். "அப்ப நான் வேலைக்கே போயிருக்கலாமா?"

டாக்டர் ஸ்கேன் படத்துக்குத் திரும்பினார். "தழும்பு விழுந்த இடம் திரும்ப வராது. மிச்சத்தைக் காப்பாத்தணும். பறவை வீட்ல இருக்கக் கூடாது. கூண்டு, இறகு, எதுவும்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அக்கா துரையிடம்

அக்கா துரையைத் தோளிலிருந்து

(நான் அங்கே இல்லை. அத்தான் சொல்ல மறுத்துவிட்டார். கற்பனை செய்ய எனக்கு உரிமை உண்டு, தைரியம் இல்லை.)

5

ஊருக்கு வெளியே பறவை வளர்த்து விற்கும் ஒருவரிடம் துரையைக் கொடுத்தார்கள். பெரிய கம்பிவலைக் கொட்டகை, நிறையக் கிளிகள். நல்ல இடம்தான். சீக்கிரமே அவர் அத்தானுக்குப் போன் செய்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இவன் மத்ததையெல்லாம் பறவையாவே மதிக்க மாட்டேங்கறான். மூலையில ஒக்காந்து நெஞ்சு முடியப் பிடுங்கிக்கறான். வாங்க வர்றவங்க முன்னாடி இருமறான். நோய்க்கிளின்னு எல்லாரும் ஓடறாங்க."

அத்தான் போய்க் கூட்டிவந்தார். வீட்டுக்கு அல்ல. டிரைவிங் ஸ்கூலுக்குப் பின்னால், டயர்க் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்திருந்தார்.

இனி அத்தானைப் பற்றி ஒரு திருத்தம். முதல் பிரதியில் அவரை நான் கல்நெஞ்சுக்காரராக எழுதியிருந்தேன். வாய் பேசாத கணவன், கிளியை வெறுப்பவன். கதைக்கு அது தோதாக இருந்தது. ஆனால் அவர் செய்தது இது: காலையில் வேலைக்கு முன்பு அந்த அறைக்குப் போவார், சாயங்காலம் வேலை முடிந்தும் போவார். அதற்கென்று வைத்திருந்த பழைய சட்டையை மாட்டிக்கொண்டு கூண்டைக் கழுவுவார், தீனி வைப்பார், கடி வாங்குவார். அங்கேயே தலைக்குக் குளித்து, வேறு துணி மாற்றி, ஓர் இறகுத் துணுக்குகூட ஒட்டாமல் வீட்டுக்கு வருவார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் அவருடைய விரல் கட்டுகளைப் பார்த்துவிட்டு, "என்ன சார், வீட்ல சண்டையா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

பறவை டாக்டர் அவரிடம், தனியாக விட்டால் இன்னும் பிடுங்கும், பேச்சுக் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார்.

"என்ன பேசுவீங்க அத்தான்?" என்றேன்.

"என்னத்தப் பேசறது? கிளட்ச்ச மெதுவா விடு, கண்ணாடியப் பாருன்னு சொல்லிட்டு வருவேன். எனக்குத் தெரிஞ்சது அதானேப்பா."

6

அக்காவுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்தாயிற்று. பறவை போனபிறகும் நோய் நிற்கவில்லை, மெதுவானது, அவ்வளவுதான். நான் பக்கத்தில் இருந்த ஒரு சாயங்காலம் அத்தான் டயர்க் கடை மாடி அறையிலிருந்து போன் செய்தார்.

"அவன் காதுகிட்ட வைங்க" என்றாள் அக்கா.

"வேணாம்மா."

"ஒரு தடவை. என் குரல் மறந்துடப் போறான்."

வைத்தார். "துரை" என்றாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "டேய் துரை, கோவமா?" அவ்வளவுதான், அவன் இருமத் தொடங்கினான். இரண்டு வறட்டு இருமல், ஒரு நீள மூச்சு. திரும்பவும். திரும்பவும். அது அவள் வேலையை விட்ட புதிதில் இருமிய இருமல். இப்போது அவளுடைய இருமல் வேறாகிவிட்டிருந்தது. தன் பழைய மூச்சைக் கேட்டபடி அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அவளுக்கும் வந்தது. இவள் இருமியதைக் கேட்டு அவனுக்குக் குஷி. கூண்டுக் கம்பியில் சிறகடிக்கும் சத்தம் கேட்டது. இன்னும் பலமாக இருமினான். நான் போனைப் பிடுங்கி அணைத்தேன்.

முகமூடியைச் சரிசெய்துகொண்டு அக்கா சொன்னாள்: "எனக்கு எதுனால வந்துதுன்னு அவனுக்கு யாரும் சொல்லிடாதீங்கடா."

7

ஆசிரியர் இதுவரைக்கும் படித்துவிட்டு அழைத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க பத்திரிகையப் படிக்கறவங்க பறவைப் பிரியருங்க. கொஞ்சம் நம்பிக்கையா முடிங்களேன்."

முயன்றேன்.

முடிவு ஒன்று: அக்கா தேறி, லேபுக்குத் திரும்பிப் போகிறாள். (தழும்பு திரும்பாது என்று டாக்டர் சொன்னதை நானே எழுதியிருக்கிறேன்.)

முடிவு இரண்டு: துரை அத்தானோடு ராசியாகி அவர் தோளில் ஏறி உட்காருகிறான். (பொய். நேற்றும் கடித்தான்.)

முடிவு மூன்று: யாரோ ஜன்னலைத் திறக்கிறார்கள், துரை வானத்தில் பறந்து மறைகிறான். (பறந்து மறைந்து? அவனுக்கு இரை தேடத் தெரியாது. காக்கைகள் கொத்திவிடும். நமக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக ஒருவனைக் கொல்லக் கூடாது.)

நடந்தது இதுதான். மழை விட்ட ஒரு வாரத்தில் அக்கா இறந்துபோனாள். மகள் வந்தாள், அழுதாள், கைக்குழந்தையோடு திரும்பிப் போனாள். துரைக்குத் தனி அறை எதற்கு என்ற கேள்வி வந்தது. இனி வீட்டில் யாருடைய மூச்சுக்கும் பயமில்லை. அத்தான் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

கூண்டைத் திறந்ததும் துரை பறக்கவில்லை. இறங்கி நடந்தான். சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு படுக்கையறை. கட்டிலுக்கு அடியில் போய்ப் பார்த்தான். மெஷின் இருந்த இடத்தில் நின்று, தலையைச் சாய்த்து, இருமினான். பதிலுக்குக் காத்திருந்தான்.

"நான் 'என்னம்மா'ன்னு கேட்டுட்டேன்டா" என்றார் அத்தான். டிரைவிங் ஸ்கூல் காரில், ஸ்டியரிங்கில் நான் இருக்க, தான் எப்போதும் உட்காரும் இடப்பக்க இருக்கையிலிருந்து முன்னால் பார்த்தபடியே சொன்னார். "தெரியும், அது அவன்தான்னு. ஆனாலும் வாய் வந்துடுச்சு. கேக்காம இருக்கவும் முடியல, கேட்டுக்கிட்டே இருக்கவும் முடியல. ஒரு நாளைக்கு எத்தனை தடவைடா எழுந்து எழுந்து பாக்கறது?"

பிறகு கேட்டார்: "நீ எடுத்துக்கறியா?"

என் மகளுக்கு மூச்சிரைப்பு என்றேன். அது உண்மைதான். உண்மையாக இல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"சரி" என்றார். வண்டியை எடுக்கச் சொன்னார்.

8

துரைக்கு இன்னும் நாற்பது வருடம் ஆயுள் இருக்கிறது. அத்தான் அறுபதைத் தாண்டியவர். பறவை டாக்டர் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டார். நெஞ்சில் இறகில்லாத, கடிக்கிற, நாள் முழுக்க ஒரு செத்துப்போன பெண்ணின் இருமலை இருமுகிற கிளியை யாரும் கேட்கவில்லை.

நீங்கள் தலைப்பைப் பார்த்துத்தானே உள்ளே வந்தீர்கள்? சாம்பல் கிளி வளர்க்கும் ஆசை உங்களுக்கு இருக்கிறது. நான் எழுத வேண்டிய குறிப்புகளும் இங்கே எங்கெங்கோ சிதறிக் கிடக்கின்றன, பொறுக்கிக்கொண்டிருப்பீர்கள். கடைசிப் பத்தியை நான் எழுதப்போவதில்லை. அதில் வரவேண்டிய ஆள் நான் இல்லை என்று அத்தானிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். தொடக்கத்தை வேண்டுமானால் தருகிறேன்.

நீங்கள் ஒரு மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டுகிறீர்கள். அதிகம் பேசாத ஒருவர் திறப்பார். உட்காரச் சொல்லமாட்டார், கோபித்துக்கொள்ள வேண்டாம். உள்ளே யாரோ இருமுவார்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். அப்போது நீங்கள்