இருபது நாள் தள்ளிப் போட்ட வெண்டை

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விதைக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் போனில் பேசிய ஒரு வரிதான் இந்தக் கதை: "மண்ணு இன்னும் சில்லுனு இருக்குண்ணே, இப்பப் போட்டா வெண்டை எந்திரிக்காது." மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பனி விலகாத வயலில் அவள் ஒற்றை மரமாக—'

வேண்டாம். அந்த வயலில் மரமே இல்லை.

2
அவளுக்கும் அண்ணனுக்கும் பொதுவாக ஒரு வயல். ஆளுக்குப் பாதி. வியாபாரி யாருடைய காயை அதிகம் எடுத்துக்கொள்கிறாரோ, அடுத்த வருடம் முழு வயலும், அண்ணனோ தங்கையோ, அந்த ஆள் சொல்படி. இதுதான் பந்தயம். அண்ணன் குளிரோடு விதைத்தார். அவள் இருபது நாள் பொறுத்தாள்.

3
"விளையும் பயிர் முளையிலே தெரியும். பாத்தியா?" அண்ணன் தன் பக்கத்தைக் காட்டினார். அவள் பக்கம் வெறும் மண்.

"பாத்தேன். உங்க குழியில பாதி காலி. அதையும் பாருங்க."

[இங்கே அவளைத் தோற்கடிக்க நினைத்தேன். தோற்றவர்களுக்குக் கதையில் மவுசு அதிகம். ஆனால் சூடேறிய மண்ணில் அவள் விதைகள் ஐந்தே நாளில் முளைத்தன. அண்ணனின் செடிகள் குளிரில் குன்றி நிற்க, அவளுடையவை இடுப்பளவு வந்துவிட்டன. வெண்டை என் பேச்சைக் கேட்கவில்லை.]

4
முன்பே காய்த்ததால் அண்ணன் கணக்கில் முந்தியிருந்தார். அவள் விரட்டிப் பிடித்தாள். கடைசிப் பறிப்பு வரை இருவரும் சமம்.

அன்று அண்ணன் கூடைதான் கனம். எடை கூடட்டும் என்று நான்கு நாள் பறிக்காமல் விட்டிருந்தார். அவள் தன் கூடையைத் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தாள். நானும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

வியாபாரி ஒரு காயை எடுத்து நுனியை மடக்கினார். வளைந்தது, ஒடியவில்லை. இன்னொன்று. அதுவும் அப்படியே.

"அண்ணாச்சி, இது காய் இல்ல, விறகு. அடுப்பெரிக்கத்தான் ஆகும்."

அவள் கூடையில் கையை விட்டார். படக். படக். படக்.

"மொத்தமும் தராசுல வைம்மா!"

அவள் வயல் நடுவில் நின்று கைதட்டிக் கத்தினாள். இவ்வளவு சந்தோஷத்தை எழுதி எனக்குப் பழக்கமில்லை. எழுதிவிட்டேன்.

5
இனி அண்ணன் பேச வேண்டும். "வாக்கு வாக்குதான், எப்ப விதைக்கலாம்னு சொல்லு" என்பதா? "வியாபாரி உன் ஆளு" என்று முறுக்கிக்கொள்வதா? இல்லை, அவள் கூடையைத் தானே தூக்கி வியாபாரியின் வண்டியில்—

அவர் வாயில் என்ன வைப்பதென்று நீங்களே முடிவு செய்யுங்கள். வயலை மட்டும் அவளிடமிருந்து திருப்பி வாங்க உங்களுக்கும் அனுமதியில்லை, எனக்கும் இல்லை.