மஞ்சளாக நின்ற ஒரு வரி

"பாஸ்வேர்டை மட்டும் சொல்லும்மா, லேப்டாப்பை நாங்க எடுத்துட்டுப் போயிடறோம்" என்று ஆராய்ச்சி நிறுவன இயக்குநர் மூன்றாம் முறை கேட்டபோது, சித்தி கூடத்தில் அம்மாவின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். சிக்கு விழுந்த இடத்தில், வலிக்குமோ என்பதுபோல மெதுவாக.

"சொல்லேன் பூச்சி. பெரிய மனுஷன், வீடு தேடி வந்திருக்கார்" என்றார் மாமா.

இடி, இருட்டு, கரப்பான் எல்லாவற்றுக்கும் அலறியதால் அவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர். பதினாறு வயதாகியும் போகவில்லை.

"முகம் கழுவிட்டு வர்றேன்" என்று லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள்.

"முகம் கழுவ அது எதுக்கு?" என்றார் மாமா. அதற்குள் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது.

லேப்டாப்பில் இருந்தது, அம்மா ஆறு வருஷமாக அந்த நிறுவனத்தில் கட்டிய இணையப் பட்டியல். ஆயிரத்து இருநூற்று நாற்பது பயிர் ரகங்கள். எது எத்தனை நாளில் விளையும், எந்த மண்ணுக்கு ஒத்துவரும், எந்த நோயைத் தாங்கும் என்று, வெளியானதும் விவசாயியும் ஆராய்ச்சியாளரும் காசில்லாமலே தேடிப் பார்க்கலாம். ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்திலும், அந்த ரகத்தைக் காப்பாற்றி வைத்திருப்பவரின் பெயர்.

அந்தக் கட்டத்தைத்தான் போன மாதம் இயக்குநர் எடுக்கச் சொன்னார். பெயருக்குப் பதில் நிறுவனத்தின் எண் போதுமாம். "இந்த வெண்டையை முப்பது வருஷம் நீங்களா சார் வளர்த்தீங்க?" என்று அவர் மேசைக்கு முன்னாலேயே கேட்டுவிட்டு வந்தாள் அம்மா. அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அதன்பின் ஒரே பிடிவாதம். ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, அவரவர் ரகத்தின் குறிப்பை வாசித்துக் காட்டி, "பேரைப் போடுங்க" என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் அந்த வரியைப் பச்சையாக்குவாள். எல்லாம் பச்சையானால்தான் வெளியீடு. நேற்றுச் சாயங்காலம் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது ஒரே ஒரு வரி மஞ்சளாக இருந்தது.

ஒரு கத்தரி.

முன்பின் தெரியாதவர்களிடம் போனில் பேசுவதென்றால் பூச்சிக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அம்மாவின் போனிலிருந்து எண்ணை அழுத்தினாள்.

"யாரு, மேடமா? நேத்து பத்து தடவை கூப்பிட்டீங்களாமே! தண்ணி பாய்ச்சப் போயிட்டேன்" என்றது ஒரு பெண்குரல்.

"நான் அவங்க பொண்ணு. உங்க கத்தரியைப் பத்தி எழுதினதை வாசிக்கறேன், சரியான்னு சொல்லுங்க."

"வாசி, வாசி."

"வெள்ளை வரி போட்ட ஊதாக் காய். காம்பிலும் இலையிலும் முள்..."

"ஏய், நில்லு! இலையில ஏது முள்ளு? காம்புல மட்டும்தான். இலையில முள்ளு இருக்கறது என் நாத்தனார் கத்தரி. அந்தக் கசப்பை என் தலையில கட்டாதே!"

பூச்சி 'இலையிலும்' என்பதை அழித்தாள். "உங்க பேரைப் போடலாமா?"

"போடு. நாத்தனார் பார்க்கற மாதிரிப் பெரிசாப் போடு." சிரித்தவள் நிறுத்தினாள். "என்ன, பின்னால யாரோ அழற மாதிரி இருக்கு?"

"வீட்ல ஆளுங்க நிறைய இருக்காங்க."

"அம்மாகிட்ட மறக்காமச் சொல்லிடு, என்ன?"

"இங்கதான் இருக்காங்க" என்றாள் பூச்சி. "சொல்லிடறேன்."

வரி பச்சையானது. கதவு படபடவென்று தட்டப்பட்டது. "பூச்சி! என்ன பண்றே உள்ள?" 'வெளியிடு' என்ற பொத்தானின் மேல் விரலை வைத்தாள். அழுத்தினாள். ஒரு சின்ன வட்டம் சுற்றி நின்றது. பக்கத்தைப் புதுப்பித்துக் கடைசிக் கட்டம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

கதவைத் திறந்தாள்.

"இந்தாங்க சார், லேப்டாப். பாஸ்வேர்டும் எழுதித் தர்றேன். வெளியிட்டாச்சு, பேரோட."

இயக்குநரின் முகம் சுருங்கியது. "யாரைக் கேட்டு?"

"ஆயிரத்து இருநூத்தி நாப்பது பேரையும் கேட்டு."

"ஒரு போன் போதும், எடுக்கச் சொல்லிடுவேன்."

"சொல்லுங்க. வெளியிட்ட உடனே நாலு ஊர்ல நாலு பேரோட கம்ப்யூட்டர் தானா நகல் எடுத்துக்கற மாதிரி அம்மா செஞ்சு வச்சிருக்காங்க. அந்த நாலு பேருக்கும் போன் போடுங்க."

"சின்னப் பொண்ணு சார், தெரியாம..." என்று மாமா ஆரம்பித்தார்.

"தெரிஞ்சுதான் மாமா."

சித்தியின் கையில் சீப்பு அப்படியே நின்றது.

அப்போது இயக்குநரின் டிரைவர் பெரிய மலர்வளையம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். குறுக்கே ரிப்பன். அதில் தங்க எழுத்தில் நிறுவனத்தின் பெயர் முழுசாக இருந்தது. அம்மாவின் பெயரைத் தேடினாள் பூச்சி. இல்லை.

இயக்குநர் அதை வாங்கிக்கொண்டு நின்றார். கூடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. "எங்க வைக்கணும்?" என்றார், தணிந்த குரலில்.

"கால்மாட்டுல வைங்க சார்" என்று சொல்லிவிட்டு, பூச்சி தலைமாட்டில் போய் உட்கார்ந்து, சித்தியின் கையிலிருந்த சீப்பை வாங்கிக்கொண்டாள்.