வெயில் ஏறினால் மணக்கும்

அன்று நடந்ததை நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே நம்பிக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்று நான் சொல்கிறேன். சனிக்கிழமை என்கிறாள் என் மனைவி ஸைனப். பனி எவ்வளவு நேரம் நின்றது, நான் எதைச் சொன்னேன், எதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன் என்பதெல்லாம் இந்த மூன்று வருடங்களில் இடம் மாறிவிட்டன. வாசம் வந்த நேரம் மட்டும் மாறவில்லை. ஒன்பதே கால்.

பதுளை பஸாரில் எனக்கு ஒரு புத்தகக் கடை இருக்கிறது. வீட்டு மாடியில் ஓர்கிட் வளர்க்கிறேன். கலப்பினங்களில் எனக்கு ஆசை இல்லை. காட்டில் இருப்பது போலவே பூக்கிற, மணக்கிற இனங்கள் மட்டும்தான். யாரிடமாவது பெயர் தெரியாத செடி பூத்தால் என்னைக் கூப்பிடுவார்கள். முகர்ந்து பார்த்து, பூவின் நடு இதழைத் திருப்பிப் பார்த்து, பெயர் சொல்வேன். அதிகம் பேசாதவன் என்பதால் நான் சொல்வதற்கு ஒரு மதிப்பு இருந்தது.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கருடைய மனைவி ஜெயந்தினி. என்னிடமிருந்த டென்ட்ரோபியம் அனோஸ்மம் செடியைக் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர் அவர்தான். கயிறு போலத் தொங்கும் தண்டுகள். இலை உதிர்ந்த பிறகு, பெப்ரவரி மார்ச்சில், ஊதா நிறப் பூக்கள். பழுத்த ஸ்ட்ரோபெரியின் வாசம். கொடுக்கும்போது, "இது பதுளையில வேற யாருக்கிட்டயும் இல்ல. ஒரு துண்டுகூட நான் மிச்சம் வைக்கல" என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து, அந்தக் காலையில், ஆட்டோவோடு வந்து வாசலில் நின்றார்.

"ஹபீஸ் நானா, ஒரு தரம் வந்து பாத்துச் சொல்லுங்க. என் செடியில ரெண்டு தண்டு குறையுது. எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற விஜயலெட்சுமி லயத்துல அதே பூ தொங்குதாம். நீங்க ஆமான்னு சொன்னா நேரா பொலிஸுக்குத்தான்."

விஜயலெட்சுமி முன்பு எங்கள் வீட்டுக்கும் நான்கு வருடம் துணி துவைக்க வந்தவள். அவளுடைய மகள் நிரோஷாவுக்குத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, அடுத்த மாதம் கிடைக்க இருந்தது. வேலைக்கான கடிதம் பெரிய கிளாக்கரின் கையில். தாயின் பெயர் பொலிஸில் எழுதப்பட்டால் அந்தக் கடிதம் வராது.

ஆட்டோவில் போகும்போது ஒன்று ஞாபகம் வந்தது. ஜெயந்தினிக்குக் கொடுக்குமுன் அந்தச் செடியைத் துப்புரவாக்கி, இலையில்லாத பழைய தண்டுகள் சிலவற்றை வெட்டி, எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயடியில், பைப்படியில், ஒரு வாளிக்குள் போட்டேன். பிறகு படியில் உட்கார்ந்து புத்தகம் வாசித்தேன். யாரோ பக்கத்தில் வந்து எதையோ கேட்டது போல இருக்கிறது. வாசிக்கும்போது யார் எதைக் கேட்டாலும் நான் தலையாட்டிவிடுவேன், ஸைனப் அதற்காகத் திட்டுவாள். அன்று ஆட்டினேனா? அல்லது ஆட்டோவில் இருந்த பயத்தில் நானே அதை உண்டாக்கிக்கொண்டேனா?

அதை அப்போதே ஜெயந்தினியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், வேறு யாரிடமும் இல்லை என்ற என் பேச்சு பொய்யாகிவிடும். இப்போது எழுதும்போது அது அற்பமாகத் தெரிகிறது. அந்த ஆட்டோவில் அப்படித் தெரியவில்லை.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பனி இறங்கியிருந்தது. எதிர் வரிசைக் கூரை தெரியவில்லை. விஜயலெட்சுமியின் வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் ஒரு தேங்காய் மட்டையில் கட்டி, கம்பியில் தொங்கவிடப்பட்டிருந்தது செடி. பதினோரு பூக்கள். களவு என்று ஜெயந்தினி சொன்னதும் கறுத்த விஜயலெட்சுமியின் முகம், பின்னால் என்னைக் கண்டதும் தெளிந்தது.

"வாங்க முதலாளி. நீங்க வந்தது நல்லதாப் போச்சு."

குனிந்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை. குளிரில், பனியில் அந்தப் பூ வாசம் விடாது. அதற்குச் சூடு வேண்டும். எனக்கு அது தெரியும். தன் செடியை எப்போதும் சூடாக இருக்கும் அடுப்படி ஜன்னலில் வைத்திருக்கும் ஜெயந்தினிக்குத் தெரியாது.

"இது வேற இனம்" என்றேன். "பாக்க ஒரே மாதிரி இருக்கும். இது மணக்காது. உங்களுது மணக்கும்."

ஜெயந்தினியும் முகர்ந்து பார்த்தார். "அப்ப என் தண்டு?"

"அழுகி விழுந்திருக்கும்."

விஜயலெட்சுமி என்னையே பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவளை நான் பார்வையால் நிறுத்தினேன் என்று நினைக்கிறேன். ஆட்டோப் பக்கம் திரும்பினேன். அவள் விடவில்லை.

"களவு சொல்லி வந்தீங்க, இல்லன்னு ஆயிருச்சு. ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமப் போனா எப்படிம்மா?"

பழி சொல்லி வந்த வீட்டில் தேநீரை மறுக்க ஜெயந்தினியால் முடியவில்லை. உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். உள்ளே ஈர விறகு புகைந்தது. பக்கத்து வீட்டுப் பெரியாயி தலையை நீட்டினாள்.

"என்னா கிளாக்கரம்மா, பூவ மோந்து பாக்கவா லயத்துக்கு வந்தீங்க? அப்பிடியே எங்க கக்கூசையும் மோந்து பாத்துட்டுப் போங்க. தண்ணி வந்து நாலு நாளாச்சு."

"ஐயாக்கிட்டச் சொல்றேன்" என்றார் ஜெயந்தினி, சிரிக்காமல்.

எதிர்க் கூரையின் விளிம்பு தெரிந்தது. பிறகு கூரை முழுவதும். பிறகு அதற்குப் பின்னாலிருந்த சவுக்கு மரம். நான் தேநீரை ஒரே மூச்சில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். ஜெயந்தினி ஊதி ஊதிக் குடித்தார். வெயில் முதலில் படியில் விழுந்தது, பிறகு தூணில், பிறகு தேங்காய் மட்டையில். மறுபடி பனி மூடும் என்று காத்திருந்தேன். மூடவில்லை.

ஜெயந்தினி கோப்பையைக் கீழே வைத்தார்.

"நானா. இது என்ன வாசம்?"

நான் காலிக் கோப்பையை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனேன்.

"வெயில் பட்டா தெனமும் மணக்கும்மா" என்றாள் விஜயலெட்சுமி. "முதலாளிக்குத் தெரியாததா? அவரு தந்த தண்டுதானே. பைப்படியில வாளிக்குள்ள கெடந்துச்சு. எடுத்துக்கவான்னு கேட்டேன், தலைய ஆட்டுனாரு. சொல்லுங்க முதலாளி."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றேன். "நான்தான் குடுத்தேன்."

"கொஞ்சம் முன்னாடி வேற இனம்னு சொன்னீங்க. இப்ப நீங்களே குடுத்ததுன்னு சொல்றீங்க. அன்னைக்கு என்னன்னா வேற யாருக்கிட்டயும் இல்லன்னு சொன்னீங்க. எத நானா நான் நம்புறது?" ஜெயந்தினி எழுந்தார். "அவளுக்காக இவ்வளவு பொய் சொல்றீங்களே, அப்பிடி என்ன எரக்கம் உங்களுக்கு?"

விஜயலெட்சுமி கோப்பைகளை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"மொதல்லயே சொல்லியிருந்தா என்ன முதலாளி?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அன்று மத்தியானமே ஜெயந்தினி முறைப்பாடு கொடுத்தார். என்னையும் பொலிஸுக்குக் கூப்பிட்டார்கள். செடியைக் கொடுத்தது நான்தான் என்றேன். லயத்தில் வேறு மாதிரிச் சொன்னது ஏன் என்று கேட்டு, இரண்டையும் எழுதிக்கொண்டார்கள். வழக்கு எதுவும் போடப்படவில்லை. பிள்ளைக் காம்பரா வேலை இன்னொரு பெண்ணுக்குப் போனது. நிரோஷா கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள், தீபாவளிக்கு வந்து போகிறாள். விஜயலெட்சுமி மறுபடி கொழுந்து பறிக்கப் போகிறாள். பஸாரில் என் கடையைக் கடந்து போகும்போது திரும்பிப் பார்ப்பதில்லை. பெரிய கிளாக்கர் ஓய்வுபெற்று, ஜெயந்தினியோடு பண்டாரவளைக்குக் குடிபோய்விட்டார், பொலிஸ் லயத்திலிருந்து எடுத்துக் கொடுத்ததையும் சேர்த்து இரண்டு செடிகளும் அவர்களிடம்தான் இருக்கின்றன. பெரியாயி போன வருடம் இறந்துபோனாள். நான் இப்போதும் மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். பெயர் கேட்டு யாரும் வருவதில்லை.