பதிவேட்டில் இருக்கும் மகள்

திங்கட்கிழமை காலை ரோரி எனக்கு முட்டை பொரித்துக் கொடுத்தான். அவன் அப்படிச் செய்தால் ஏதோ கேட்கப்போகிறான் என்று அர்த்தம். விடிவதற்குள், தான் வேலை பார்க்கும் கொட்டிலுக்குப் போய் நாற்பது வேட்டைநாய்களுக்கும் தீனி போட்டுவிட்டு வந்திருந்தான். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையிலிருந்து அந்த இறைச்சி வாடை போவதில்லை.

"நாளைக்கு நாடாளுமன்றத்துல அந்தக் குழுவுல நீ உக்காரப்போறியாமே?"

"ஒருநாள்தான்டா. எங்க கட்சிக்காரருக்கு முட்டி ஆபரேஷன். அவருக்குப் பதிலா போறேன்."

"பாலின அங்கீகாரச் சட்டம்."

"ஆமா."

அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தான். "புதுசா வர்ற உறுப்பினர்கிட்ட, இந்த விஷயத்துல உங்களுக்குச் சொந்தத் தொடர்பு உண்டான்னு கேப்பாங்கல்ல? அப்போ ஒரு வரி சொல்லும்மா. எனக்கு ஒரு மகன் இருக்கான், இந்தச் சட்டம் அவன் வாழ்க்கையத் தொடுதுன்னு. அது போதும். அதுக்கு மேல ஒண்ணும் பேச வேண்டாம்."

"பாக்கலாம்" என்றேன். தொகுதி மக்களிடம் இந்த வார்த்தையைச் சொல்லும்போது என்ன அர்த்தமோ, அதேதான் இதற்கும் என்று அவனுக்குத் தெரியும். தட்டை எடுத்துக் கழுவப்போட்டான்.

ரோரிக்கு இருபத்தாறு வயது. ஐந்து வருடம் முன்பு, அதே மேசையில், தான் ஆண் என்று சொன்னான். நான் அழவில்லை, சண்டை போடவில்லை. மறுநாளே பழைய பெயரை விட்டுவிட்டேன். வீட்டுக்குள் நான் நல்ல அம்மா, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. வாசலைத் தாண்டினால் நான் ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர். இங்கிலாந்து எல்லையை ஒட்டிய தொகுதி. ஆடு வளர்ப்பவர்களும் குதிரை வைத்திருப்பவர்களும் போட்ட ஓட்டில், எண்ணூறு வித்தியாசத்தில் தப்பித்தவள். வெளியே யாராவது "பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டால், "நல்ல சுகம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை, நாடாளுமன்றம் இருக்கும் எடின்பரோவில் மழை. குழுத் தலைவி என் பக்கம் திரும்பி, வழக்கமான கேள்வியைக் கேட்டார். "வருக, இஷ்பெல். இது சம்பந்தமா அறிவிக்க ஏதாவது இருக்கா?"

"எதுவும் இல்லை."

எழுபது தடவையாவது சொல்லிப் பழகிய பதில். தொடர்பு என்று நாங்கள் சொல்வதெல்லாம் நிலம், பங்கு, பரிசு, சம்பளம். பிள்ளை சொத்தா என்ன? இப்படித்தான் எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். கேள்விகளை முன்கூட்டியே பங்கு போட்டிருந்தார்கள், எனக்கு வந்தது நான்காவது. ஒருவர் மூன்று மாதம் தன் பாலினத்தில் வாழ்ந்தாலே சட்டப்படி அங்கீகாரம் தரலாம் என்கிறது மசோதா, மூன்று மாதம் போதும் என்று எப்படித் தெரியும்? தாளைப் பார்த்துப் படித்தேன். சாட்சி சொல்ல வந்திருந்த பெண் வக்கீல் என்னையே பார்த்தார். "எத்தனை வருஷம் ஆனா நீங்க நம்புவீங்க?"

"நன்றி, தலைவரே" என்று தாளைக் கவிழ்த்து வைத்தேன். ரோரி நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது தெரியும். அன்று அவனிடமிருந்து ஒரே ஒரு செய்திதான் வந்தது: "நாளைக்குக் கொட்டில் ஆளுங்க எல்லாம் பஸ்ல வர்றோம்."

புதன்கிழமை என் சொந்தக் குழு. நரி வேட்டை மசோதா. கூட்டமாக நாய்களை விடக்கூடாது, இரண்டு நாய்தான் அனுமதி என்றது அது. நாற்பது நாய்க்குத் தீனி போடுகிறவர்களின் வேலை என்னாகும் என்று பார்க்கத்தான் கொட்டில் ஆட்கள் வந்திருந்தார்கள். பார்வையாளர் வரிசையில் பன்னிரண்டு பேர். ரோரி டை கட்டிக்கொண்டு இரண்டாவது வரிசையில் இருந்தான். பக்கத்தில் கொட்டில் தலைவர் ஆர்ச்சி.

உறுப்பினர்களின் சொந்தத் தொடர்புகளை எழுதிவைக்கும் பதிவேடு ஒன்று உண்டு. தொடர்பு உள்ளவர்கள் "பதிவேட்டில் உள்ளபடி" என்று சொல்லிவிட்டு மேலே போவது எங்கள் வழக்கம். நானும் அதைத்தான் சொன்னேன். குழுத் தலைவர் மர்டோவுக்குக் குறும்பு அதிகம். "இவ்வளவு தூரம் வந்திருக்காங்க, இவங்க கையில பதிவேடா இருக்கு? படிச்சே காட்டிடுங்க, இஷ்பெல். நரிக்கும் தெரியட்டும்." அவையில் சிரிப்பு. குழுச் செயலர் என் முன்னால் ஒரு தாளை நகர்த்தினார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். "எங்கள் நிலத்தின் வழியாகக் குதிரையில் செல்ல வேட்டைக் குழுவுக்கு அனுமதி உண்டு. என் மகள் அக்குழுவின் நாய்க்கொட்டிலில் ஊழியர்."

ஏழு வருடம் முன்பு, முதல்முறை ஜெயித்தபோது நான் எழுதிக்கொடுத்தது. ஒவ்வொரு வருடமும் மாற்றம் உண்டா என்று கேட்டு ஒரு தாள் வரும், 'இல்லை' என்று குறியிட்டு அனுப்புவேன். அந்த வார்த்தை வரப்போகிறது என்று வாக்கியத்தின் தொடக்கத்திலேயே கண்ணில் பட்டுவிட்டது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் படித்து முடித்தேன். அதன் பிறகு நாய்களைப் பற்றி மூன்று கேள்வி கேட்டேன், நன்றாகவே கேட்டேன் என்று சொன்னார்கள்.

வெளியே நடைபாதையில் ஆர்ச்சி வழிமறித்தார். பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம், அதனால் மரியாதையெல்லாம் பார்க்கமாட்டார்.

"ஏம்மா இஷ்பெல், உனக்கு எத்தனை பிள்ளை? எனக்குத் தெரிஞ்சு ஒரு பையன்தான்."

"ஆர்ச்சி, பழைய தாள் அது. நம்ம ஊர்க்காரங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாதா..."

"எந்த ஊர்க்காரங்க? நாய்த் தீனிக்குச் செத்த ஆட்ட எடுத்துட்டு வர, பண்ணை பண்ணையா வண்டி ஓட்டுறவன் அவன். அவனத் தெரியாத வீடு உன் தொகுதியில ஒண்ணு காட்டு பாப்போம். 'ரோரிப் பையன அனுப்பு'ன்னுதான் எல்லாரும் போன் போடுறாங்க. உனக்குத்தான் சொல்ல வாய் வரல."

"விடுங்க ஆர்ச்சி" என்றான் ரோரி. முகத்தில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "பஸ் கிளம்பிடும். நாயப் பத்தி நல்லாக் கேட்டம்மா." யாரோ அத்தை வீட்டிலிருந்து விடைபெறுகிறவன் மாதிரி போய்விட்டான்.

பிற்பகல் பேச்சின் எழுத்து வடிவம் சரிபார்க்க வந்தது. 'என் மகள்' என்று இருந்தது. சொன்னதை மாற்றமுடியாது, திருத்தம் மட்டும் தரலாம். அதுவும் எல்லோரும் படிக்கும்படி வெளியாகும். திருத்தப் படிவத்தில் மூன்று கட்டம். சொன்னது: மகள். சரியானது: மகன், ரோரி. மூன்றாவது, காரணம்.

"'பதிவேட்டில் பழைய தகவல்'னு போட்டுடுங்க மேடம்" என்றார் என் உதவியாளர். "எல்லாரும் அதத்தான் போடுவாங்க."

அதைப் போட்டேன். பிறகு அழித்தேன். மாலையாகிவிட்டது, மதியம் வாங்கி வைத்த சூப் ஆறிப்போயிருந்தது. செவ்வாயன்று கேட்டபோது சொல்லாததையும் சேர்த்து எழுதிவிட்டு, ரோரிக்குப் போன் செய்தேன். பின்னால் நாற்பது நாயும் குரைத்துக்கொண்டிருந்தன.

"அனுப்பறதுக்கு முன்னாடி உனக்குப் படிச்சுக் காட்டணும்டா."

"ம்."

"'தேர்தலில் தோற்றுவிடுவேன் என்ற பயத்தில், எனக்கு ஒரு மகன் இருப்பதை ஐந்து வருடமாக மறைத்தேன். நேற்று, வேறொரு குழுவில் கேட்டபோதும் மறைத்தேன்.'"

அவன் நாய்களை அதட்டுவது கேட்டது.

"'மறைத்தேன்'னு போடாதம்மா" என்றான். "நான் எங்கயும் ஒளிஞ்சு இல்லையே. நீ சொல்லல, அவ்வளவுதான். அப்படியே போடு."

போனை வைத்துவிட்டான். நான் இரண்டு இடத்திலும் 'மறைத்தேன்' என்பதை அடித்து, 'சொல்லவில்லை' என்று எழுதி அனுப்பினேன்.