கேபின்காரர் எழுதிய கடிதம்

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் எங்கள் ஊரில் எந்தக் கூட்டமானாலும், பள்ளி ஆண்டுவிழா முதற்கொண்டு, இது பூர்வகுடிகளின் நிலம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்போம். பலர் அதை மளிகைச் சீட்டு மாதிரி வாசித்துத் தள்ளுவார்கள். நான் அப்படியில்லை. பதினோரு வருடமாக என் வியாழக்கிழமை வானொலி நிகழ்ச்சியில் எழுத்தாளர்களையும் முன்னாள் மந்திரிகளையும் உட்காரவைத்துக் கனடாவின் அரசியலைப் பேசுகிறேன். அவர்கள் பேசியது ஒருவருக்கும் நினைவில்லை. ஆனால் தொடக்கத்தில் "இது கிரீ மக்களின் நிலம்" என்று சொல்லிவிட்டு நான் விடும் அந்த இடைவெளிக்கு ரசிகர் கடிதமே வந்திருக்கிறது. சும்மா சொல்லக் கூடாது, எனக்கே அது பிடிக்கும்.

அன்றைய விருந்தாளி வெர்னா மூஸ்வா. ஒற்றைத் தீவு ஏரிக்கரையில் வாழும் கிரீ பூர்வகுடிச் சமூகத்துக்கு இருபது வருடம் தலைவியாக இருந்தவர். தலைநகர் ஒட்டாவாவின் அதிகாரிகளோடு மல்லுக்கட்டிய கதையையெல்லாம் "கூட்டம் நன்றாக நடந்தது" என்ற பெயரில் புத்தகமாக எழுதியிருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்துப் படித்தேன்.

எனக்கு அவரிடம் வேறொரு காரியமும் இருந்தது. அந்த ஏரிக்கரையில் எங்களுக்கு ஒரு கேபின், கோடையில் போய்த் தங்கும் மரவீடு, உண்டு. அப்பா அந்தச் சமூகத்திடம் இடத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டியது. ஐம்பது வருடக் குத்தகை ஆகஸ்டில் முடிகிறது. நீட்டித் தரச் சொல்லி அவர்கள் சபைக்கு எழுதி மூன்று மாதமாகியும் பதிலைக் காணோம். அந்தச் சபையில் வெர்னாவும் உறுப்பினர். "பதிலோட வீட்டுக்கு வா, இல்லாட்டி அங்கயே படுத்துக்கோ" என்று என் மனைவி பெட்டினா காலையிலேயே சொல்லியனுப்பியிருந்தாள்.

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் நோரீனுக்கு இது தெரியும். "கார்ல், விருந்தாளிகிட்ட சொந்தக் காரியம் பேசினே, கொன்னுடுவேன்" என்றாள்.

"முடிஞ்சப்புறம் காபி குடிக்கறப்பதானே கேக்கப்போறேன்?"

"அதுவும் நம்ம ஸ்டேஷன் காபிதான்டா!"

நேரலை தொடங்கியது. நான் வழக்கம்போல் குரலைத் தாழ்த்தி, "இது கிரீ மக்களின் நிலம்" என்று சொல்லி, என் புகழ்பெற்ற இடைவெளியை விட்டேன்.

"அடேயப்பா!" என்றார் வெர்னா. "என்னமா சொல்றீங்க தம்பி! எனக்கே கண்ணு கலங்குது. இன்னொரு தடவை சொல்லுங்க."

வெட்கமில்லாமல் இன்னொரு தடவை சொன்னேன்.

"மனசாரத்தான் சொல்றீங்களா?"

"பின்னே? என் கையில மட்டும் இருந்தா இன்னைக்கே திருப்பிக் குடுத்துடுவேன்!"

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நோரீன் தலையில் அடித்துக்கொண்டாள். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. வெர்னா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"நல்லதாப் போச்சு. எங்களுக்கு ஒரு யோசனை சொல்லுங்க. ஏரிக்கரையில கேபின் வச்சிருக்கிற ஒருத்தர் எழுதியிருக்காரு. கேளுங்க. 'மூன்று தலைமுறையாக இது எங்கள் குடும்பத்தின் மண். எங்கள் வேர்கள் இங்கேதான் இருக்கின்றன.'"

அந்த வேர்களை நட்டவன் நானேதான். எழுதி முடித்ததும் பெட்டினாவை உட்காரவைத்து இரண்டு முறை வாசித்துக் காட்டியிருந்தேன்.

"நல்லாத்தான் எழுதறாரு" என்றார் வெர்னா. "அந்தக் கரையில எங்க பிள்ளைங்களுக்கு ஒரு கோடை முகாம் போடலாம்னு இருக்கோம். சபையில பாதிப்பேர் அவருக்கே குடுத்துடலாங்கறாங்க. பாதிப்பேர் வேண்டாங்கறாங்க. என் ஓட்டு மட்டும் பாக்கி. நீங்கதான் விவரமானவராச்சே, நான் என்ன பண்ண?"

பத்து வருடம் நீட்டிக் கொடுங்கள் என்று நைசாகச் சொல்லிவிடலாம். அந்த ஆள் யாரென்று நேயர்களுக்குத் தெரியவா போகிறது? பெட்டினா சமையலறையில் ரேடியோவுக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நோரீன் விரலைச் சுழற்றிச் சுழற்றி, பேசு, பேசு என்று சைகை காட்டினாள்.

"அந்த ஆள் நான்தான்" என்றேன்.

"தெரியுமே. கீழ கையெழுத்துப் போட்டிருக்கீங்களே!" என்று அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு என்னையே பார்த்தார். "சொல்லுங்க தம்பி."

"எனக்கு அந்த இடம் வேணுங்க. ரொம்ப வேணும். நான் நீச்சல் கத்துக்கிட்டது அங்கதான். நிகழ்ச்சி முடிஞ்சதும் உங்க காலைப் பிடிச்சாவது கேக்கணும்னுதான் இருந்தேன்." "ஆனா அது உங்களோடது. பிள்ளைங்களுக்கே போடுங்க."

இந்த முறை இடைவெளி எதுவும் விடவில்லை, விடத் தோன்றவுமில்லை. வெர்னா தாளை மடித்துப் பையில் வைத்தார். "இப்பத்தான் நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு" என்றார். அப்புறம் ஒட்டாவாவைப் பற்றிப் பேசினோம். என்ன பேசினேன் என்று சத்தியமாக எனக்கு நினைவில்லை.

வீட்டில் பெட்டினா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "நானா இருந்தா பத்து வருஷம் கேட்டிருப்பேன்" என்றாள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் கடைசியில் சாவியைக் கொடுக்கப் போனேன். சாமான்களை ஏற்றிவிட்டு, படகுத்துறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஐம்பத்தெட்டு வயது ஆள், சிறுபிள்ளை மாதிரி. வெர்னா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என் தோளில் கை வைத்தார். நான் சாவியை அவர் மடியில் வைத்தேன்.

மேட்டில் ஒரு ஹாரன் விடாமல் அடித்தது. கூடவே பிள்ளைகளின் கூச்சல்.

"தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார் வெர்னா. "உங்க வண்டி வழியில நிக்குது. பிள்ளைங்க பஸ் உள்ள வரணும்."

ஓடிப்போய் வண்டியை எடுத்தேன்.